மச்சான் வீட்டில் பூத்த என் செடி

மீன் தொட்டிக்குச் செடி வளர்த்து விற்பதும் ஒரு விவசாயம்தான். எலித் தொல்லை இதிலும் உண்டு, என் எலியின் பெயர் செல்வராஜ்.

இந்தத் தொழிலில் எனக்கு முதல் துரோகம் செய்தவன் அவன்தான். என் மனைவியின் தம்பி. அம்பத்தூர் பட்டறை வேலையை விட்டபிறகு, கோவில்பதாகை வீட்டுக் கூடத்தில் தொட்டிகளை அடுக்கிச் செடி வளர்க்கிறேன். எல்லாம் வெயில் கேட்காத ஜாதி, டியூப்லைட் வெளிச்சமே போதும். சொந்தக்காரர்கள் தொட்டிக்குள் கையை விட்டு, “இது பிளாஸ்டிக்கா?” என்று இலையைக் கிள்ளுவதைப் பார்த்து நொந்தவராக நீங்களும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கல்லோடு போனது

என்னிடம் ஒரு தாய்ச்செடி இருந்தது. அனுபியாஸ் என்கிற ஜாதி. கறுப்புக் கல்லில் நூலால் கட்டி வளர்த்தது. அதன் தண்டிலிருந்து துண்டு எடுத்துத்தான் விற்பேன். இலை விடுவதில் அரசாங்க ஆபீஸ் மாதிரி, அவசரமே கிடையாது. அதனால் தாய் போனால் பிழைப்பு போனது.

செல்வராஜ் பாரிவாக்கத்தில் வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்துக்குத் தொட்டி வாங்கி வைத்தான், உள்ளே போட ஒன்றும் இல்லை. “நாலு பேர் வர்ற ஊடு மாமே, பங்ஷன் முடிஞ்சதும் குடுத்துடறேன்” என்று கல்லோடு தூக்கிப் போனான். விழா முடிந்து கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: “பால் காய்ச்சின ஊட்டுலேர்ந்து பச்சையை வெளிய அனுப்பக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்கோ மாமே.”

ஆடா, செடியா

கைவசம் மிச்சமிருந்த துண்டுகளில் ஒன்றை ஆவடி டீக்கடைக்காரர் வாங்கினார். தண்டை மண்ணில் புதைக்காதீர்கள், அழுகிவிடும், கல்லில் கட்டி வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனவர், ஆழமாகக் குழி தோண்டி நட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் கொழகொழவென்று நாறிய தண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். சொன்னேனே அண்ணாத்தே என்றேன். அவருக்குத்தான் கோபம்: “செடின்னா நடணும். கல்லுல கட்டிப்போட அது இன்னா ஆடா?”

தண்ணி விளைச்சல்

பட்டறையில் என்னோடு வேலை பார்த்த மாணிக்கத்துக்கு ஜாவா பாசி என்கிற தொட்டிச் செடியைக் கொடுத்தேன். வெயில் படாத மூலையில் வை என்றேன். “வெயிலே இல்லாம இன்னா செடி?” என்று ஜன்னலோரம் வைத்தான். தண்ணீர் பச்சைப் பெயின்ட் ஆகிவிட்டது. பாசியையும் காணோம், மீனையும் காணோம்.

போய்ப் பார்த்தேன். அவனுக்கோ கவலையே இல்லை. டார்ச் அடித்துக் காட்டிப் பெருமையாகச் சொன்னான்: “மீன் கீதா பூட்ச்சான்னு தெர்ல. ஆனா தண்ணி நல்லா வெளைஞ்சுகீது பாரு.”

உருகிய செடி

சேலத்திலிருந்து வந்து அடுக்குமாடியில் குடியேறிய ஒரு பெண் கிரிப்டோகோரைன் வாங்கிப் போனார். இந்தச் செடிக்கு இடம் மாறினால் ஆகாது. இலையெல்லாம் கரைந்து விழும். வேரைத் தொடாமல் விட்டால் மறுபடி துளிர்க்கும். இதைச் சொல்லித்தான் கொடுத்தேன், ஆனாலும் முன்பு இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அந்த அம்மா மறுவாரம் படியேறி வந்தபோது, வாயைத் திறப்பதற்குள் நானே, “வேற தரட்டுமாம்மா?” என்றேன்.

அவர் மீன் தீனி வாங்கத்தான் வந்திருந்தார். “எல்லா இலையும் போச்சுங்கண்ணா. இருக்கட்டும். கல்யாணமாகி வந்த புதுசுல நானும் அப்படித்தான் கெடந்தேன், அப்புறம் தேறிக்கலையா?”

வாளியோடு போனேன்

கைவசம் இருந்த அனுபியாஸ் துண்டுகளும் தீர்ந்துவிட்டன. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். செல்வராஜைக் கேட்டால் ஒரு நாள் வெள்ளிக்கிழமை என்பான், ஒரு நாள் ஆடி மாதம் என்பான். கடைசியில் மூடி போட்ட வாளியோடு பஸ் ஏறி பாரிவாக்கம் போனேன். துணைக்கு மனைவியும் வந்தாள். துணை எனக்கில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தொட்டி விளக்கு எரியவில்லை. கண்ணாடி முழுக்கத் தூசி. அவன் தண்ணீர் மாற்றியே பல காலம் இருக்கும். என் செடியோ கல்லே தெரியாமல் படர்ந்திருந்தது. நடுவில், தண்ணீருக்குள்ளேயே, ஒரு வெள்ளைப் பூ. தினமும் துடைத்து, பார்த்துப் பார்த்து வளர்த்த என்னிடம் அது ஒரு மொட்டுகூட விட்டதில்லை. இருந்தாலும் சட்டைக் கையை மடித்தேன்.

“பூத்த செடியை எவனாச்சும் புடுங்குவானா?” என்று என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு துண்டாவது வெட்டித் தாடா என்று செல்வராஜிடம் கேட்டேன். பூ உதிரட்டும், பார்க்கலாம் என்றான். கிளம்பும்போது வாளியையும் வாங்கி வைத்துக்கொண்டான், தண்ணீர் மாற்ற உதவுமாம். வாசல் வரை வந்து வழியனுப்பினான்: “உன்கிட்டயே இருந்தா பூத்திருக்குமா மாமே? நீயே சொல்லு.”

வெளிச்சம் இல்லாமல் வளரும் செடிகள் எத்தனையோ பார்த்துவிட்டேன், வெட்கம் இல்லாமல் வளர்கிற மச்சான் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன், அவன் எனக்கு இன்னும் ஒரு செடியும் ஒரு கல்லும் ஒரு வாளியும் தரவேண்டும்.