கப்பலிலிருந்து அனுப்பிய குரல்

குணேஸ்வரி அக்கா நோத்ர-டாம்-த-கிரேஸில் கார்தெரி என்கிற ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டுகிறவள். அக்கா வாய் ஓயமாட்டார். அவர் ஒரு நாள் லீவு எடுத்தால் எங்கள் சமையலறை செத்தவீடு மாதிரி இருக்கும்.

போன கோடையில் அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, லொங்குய்யில் இருக்கும் மகன் நிரூபன் தாய்க்கும் தகப்பனுக்கும் அலாஸ்காவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அக்காவுக்குப் போக மனமில்லை. திருகோணமலையில் இருந்த தங்கை யோகராணிக்கு இதய வருத்தம். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தாள். ஒருத்திக்கு ஒருத்தி வட்ஸப்பில் குரல் அனுப்பாமல் இந்த இரண்டு பேரும் படுத்ததில்லை. கடைசியில் தங்கைதான் இவரைக் கலைத்து அனுப்பினாள்.

"நீ போ அக்கா. எங்கட கடலுக்கும் திமிங்கிலம் வருதாம், வெள்ளைக்காரர் வந்து பார்த்திட்டுப் போகினம். நான் ஒருக்காலும் பார்க்கேல்லை. நீ பார்த்துச் சொல்லு, நான் கேக்கிறன்."

அக்கா அதற்காகத்தான் போனார். வான்கூவரில் கப்பல் ஏறிய மறுநாள் யோகராணி இறந்துபோனாள்.

செய்தி முதலில் நிரூபனுக்குத்தான் வந்தது. அவன் தகப்பனுக்கு மட்டும் சொன்னான். "அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ அப்பா. நடுக்கடலிலை நிண்டு அவ என்ன செய்யிறது? வந்தாப்பிறகு சொல்லுவம்." அக்காவின் கணவர் கிருபானந்தன் அண்ணையும் ஓம் என்றுவிட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து ஒட்டியதோ தெரியவில்லை. சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் சொல்லமாட்டோம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சொல்லமாட்டோம். பயணத்தில் இருப்பவருக்குச் சொல்லவே மாட்டோம். மனம் தாங்காதாம். கடைசி முகத்தைப் பார்க்காமல் விட்டதைப் பிறகு எப்படித் தாங்குவது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. செத்தவீட்டைக் கைபேசியிலேயே நேரடியாகக் காட்டுகிற காலம் இது. கப்பலில் இன்டர்நெட்டும் இருந்தது.

அந்த இன்டர்நெட்டில்தான் அக்கா தங்கைக்குக் குரல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ராணி, ஐஸ் எண்டால் வெள்ளை எண்டுதானே நினைச்சம். நீலமடி. உடுப்புக்குப் போடுற நீலம் மாதிரி. இப்ப ஒரு பெரிய துண்டு உடைஞ்சு விழுந்தது. விழுறது முதல் தெரியுது, சத்தம் பேந்துதான் வருது. கடல்நாயள் ஐஸுக்கு மேலை கிடக்குதுகள், எங்கட வீட்டு ஆம்பிளையள் ஞாயிற்றுக்கிழமை சோபாவிலை கிடக்கிற மாதிரி."

திருகோணமலையிலிருந்து ஒரு சிவப்பு இதயப் படம் வந்தது. அனுப்பியது யோகராணியின் மகள் வினோஜா. தாயின் போனிலிருந்து அப்படி அனுப்பும்படி நிரூபன் சொல்லியிருந்தான். அம்மாவைக் கதைக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்றும் அவள் எழுதினாள். அக்கா நம்பினார்.

கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கிருபானந்தன் அண்ணை மட்டும் மீனையும் இறைச்சியையும் தொடவில்லை. பாணும் சலாட்டுமாக இருந்தார். "என்ன, சாமியாராய்ப் போகப் போறியளோ?" என்று அக்கா பகிடி பண்ணிவிட்டுத் தன் தட்டில் சால்மன் மீனைப் போட்டுக்கொண்டார். தங்கையின் சாவால் மனைவிக்கு வந்த துடக்கை அவளுக்குச் சொல்லாமல் அந்த மனிதர் தான் காத்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணை இதை என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபமும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

கப்பல் திரும்பும் வழியில் திமிங்கிலம் வந்தது. அக்கா மேல்தளத்துக்கு ஓடிப்போய்க் கைபேசியைக் கடல் பக்கம் நீட்டினார்.

"வந்திட்டுதடி ராணி, வந்திட்டுது. மூச்சு விடுற சத்தம் கேக்குதே? ஐயோ, முகமெல்லாம் தண்ணி." விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன்டி வாய் திறக்கிறாயில்லை? டொக்டர் கிடக்கட்டும், ஒரு சொல்லுச் சொல்லன்."

வீட்டுக்கு வந்ததும் நிரூபன் தாயைக் குளிக்கச் சொல்லி, சாப்பிடச் சொல்லி, அதற்குப் பிறகுதான் சொன்னான். அக்கா குழறி அழவில்லை. கணவரைப் பார்த்து, "என்னை மீன் தின்ன விட்டிட்டியளே" என்று மட்டும் சொன்னார். பிறகு வினோஜாவை அழைத்தார்.

"நான் அனுப்பினதுகளை ஆர் பிள்ளை கேட்டது?"

"அம்மாதான் பெரியம்மா. கட்டாரிலையிருந்து அண்ணா வரும் மட்டும் அம்மாவை வீட்டிலைதானே வைச்சிருந்தனாங்கள். நீங்கள் அனுப்ப அனுப்ப நான் அம்மான்ர காதுக்குக் கிட்டப் பிடிச்சுப் போட்டனான். திமிங்கிலத்தைப் பெட்டி மூட முதல் போட்டனான். நல்லாச் சத்தமாப் போட்டனான், அம்மாவுக்குக் கேக்கட்டும் எண்டு."

அடுத்த கிழமை அக்கா வேலைக்கு வந்தார். பிள்ளைகள் வழக்கம்போல இரண்டாம் தரமும் பருப்புக் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தார். சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. தங்கச்சி கேட்டிருப்பா அக்கா, நீங்கள் பார்த்துச் சொன்னதை அவ கேட்டுக்கொண்டுதான் போயிருக்கிறா என்று எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

அக்கா அடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த வீடு நிறையச் சனம் அழுதுகொண்டு நிண்டிருக்கு. என்ர தங்கச்சியின்ர செத்தவீட்டிலை சிரிச்சது நான் ஒருத்திதான்."