வெள்ளிக்கிழமை அவிழ்த்திருக்க வேண்டிய கட்டு

ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்தபோது என் கணவருக்குச் சித்தூர் ஆபீசிலிருந்து கர்னூலுக்கு மாற்றல் வந்தது. புதுத் தலைநகரத்தில் வீடு கிடைக்காமல் குமாஸ்தாக்கள் கூடாரங்களில் தங்கியிருந்தார்கள். நான் ஆந்திராவோடு போன புத்தூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வேலையை விட முடியாது. அதனால் நானும் எங்கள் ஒரே மகனும் இங்கேயே தங்கிவிட்டோம்.

மறு வருஷம் அவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். படம் வரையத்தான் படிப்பேன் என்றான். அதற்கு மெட்ராஸ் போக வேண்டும். நானோ திருப்பதியில் இண்டர்மீடியட்டுக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, பெயர் முதல் மச்சம் வரை நானே நிரப்பி வைத்திருந்தேன். திருப்பதி என்றால் காலையில் ரயிலேறி சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். மெட்ராஸ் இப்போது வேறு ராஜ்ஜியம். எந்த ஊர் எந்தப் பக்கம் என்கிற சண்டையே இன்னும் தீரவில்லை. அங்கே நம் பிள்ளையைச் சேர்ப்பார்களா, படித்து வந்தால் இங்கே வேலை கொடுப்பார்களா? இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். மனசுக்குள் இருந்ததைச் சொல்லவில்லை. ஒருவரை வடக்கே அனுப்பியாகிவிட்டது. இவனையும் தெற்கே அனுப்பிவிட்டு நான் யாருக்கு உலை வைப்பது?

கணவருக்கு எழுதினேன். நீயே யோசித்து முடிவு செய் என்று பதில் போட்டார்.

அவனே எழுதிப் போட்டிருந்த மெட்ராஸ் ஓவியப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை நேரில் போய் வரைந்து காட்ட வேண்டும். அதற்கு நான்கு வாரம் இருக்கும்போது, மலையைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் ஓட்டிய என் மகன் ரயில்வே கேட்டருகே விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.

எலும்பு முறிந்தால் மெட்ராஸ்காரர்களே எங்கள் ஊரைத் தேடி வருவார்கள். எங்களுக்குக் கட்டுப் போட்டவர் என்னைவிட இளையவர், வாய்த்துடுக்கு அதிகம். பச்சிலைச் சாற்றிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் தோய்த்த துணியைச் சுற்றி, மேலே மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். மூன்றாம் தடவை போனபோது கையைத் தடவிப் பார்த்துவிட்டு அவனை வெளியே அனுப்பி, காசு கொடுக்க நின்ற என்னிடம் சொன்னார்.

"கூடிக்கினு வருது. வர்ற வெள்ளிக்கெழம கூட்டினு வா டீச்சரம்மா, அவுத்துடலாம்."

வெளியே வந்தேன்.

"என்னாம்மா சொன்னாரு?"

"அடுத்த செவ்வாக்கெழம வரச் சொன்னாரு."

வாய் தவறிச் சொல்லவில்லை. வாசலைத் தாண்டுவதற்குள், மெட்ராஸ் போக வேண்டிய திங்கட்கிழமைக்கு அடுத்த நாள் எது என்று யோசித்துத்தான் சொன்னேன்.

அவன் முகம் சுண்டிவிட்டது. அன்று சாயங்காலமே இடது கையில் பென்சிலைப் பிடித்தான். சொம்பு, அரிவாள்மனை, நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த என் பாதங்கள் என்று எதிரே இருந்ததையெல்லாம் வரைந்தான். என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலாக எழுதும் 'அ' மாதிரி கோடெல்லாம் நடுங்கிற்று.

"இது சொம்பா, சொரக்காயாடா?"

"நீதான டீச்சரு, நீயே சொல்லு" என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை முழுவதும் வரைந்தான். இடது கை கடுத்துப்போய், ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வரைந்தான். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை. ஞாயிறு காலை, "வா, ஒருதரம் காட்டினு வரலாம்" என்றேன். கட்டை அவிழ்த்துவிடுவார், வேறெதுவும் வெளியே வராது என்று நினைத்தேன்.

எங்களைப் பார்த்ததும் கட்டுப் போடுகிறவர் குரலை உயர்த்தினார்.

"ஏம்மா, வெள்ளிக்கெழம வான்னு சொன்னா ஞாயித்துக்கெழம வர்றியே! புள்ளங்க லேட்டா வந்தா பெஞ்சு மேல ஏத்துவ இல்ல? உன்ன எங்க ஏத்தறது?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

கட்டு அவிழ்ந்தது. உள்ளே இருந்த கை வெளுத்து, சூம்பிப்போய், யாருடைய கையோ போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பென்சிலை எடுத்தான். மணிக்கட்டு வளையவில்லை. நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுபோய் எதிரே உட்கார்ந்தேன். எண்ணெய் ஆறிப்போய் இரண்டாவது தடவை சுடவைத்த பிறகுதான் கையை நீட்டினான்.

"ரெண்டு நாளு போச்சேம்மா."

"ஆமாண்டா."

"அனுப்ப மனசில்லன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ நின்னுடுவ. அப்புறம் காலத்துக்கும் என்னாலதான்னு ஆயிடும்."

"இப்ப மட்டும் யாராலயாம்?"

தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் மணிக்கட்டை மெல்ல வளைத்துப் பார்த்தான்.

"நாளைக்கி நீயும் வா. இந்தக் கையோட படம் வரையற பலகையத் தூக்கினு போவ முடியாது."

முதல் ரயிலில் போனோம். அரக்கோணம் வரை விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே வந்தான். மெட்ராசில் அவன் உள்ளே போனதும் வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அவன் தோற்க வேண்டும் என்று ஒரு மாசமாக வேண்டிக்கொண்டிருந்தவள், அன்று எந்தச் சாமியிடம் எப்படி மாற்றிக் கேட்பது என்று தெரியாமல் விழித்தேன். மத்தியானம் இரண்டு கையிலும் கரியோடு வெளியே வந்தான்.

"கோடெல்லாம் வலது கை. வலி தாங்கலன்னதும் நெழலயெல்லாம் இடது கையால தேச்சிட்டேன்" என்றான்.

அடுத்த மாதம், இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. திருப்பதி விண்ணப்பத்தின் கடைசித் தேதி அதற்குள் போய்விட்டிருந்தது. நான் அதை அனுப்பவே இல்லை.

அன்று கணவருக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். செவ்வாய்க்கிழமை என்று பொய் சொன்னதையும் எழுதி, தபாலில் போடச் சொல்லி மகனிடம் கொடுத்தேன். ஒட்டாத உறையாயிற்றே, வாசலிலேயே நின்று படித்துவிட்டான்.

"இதெல்லாம் எதுக்கும்மா நைனாவுக்கு? எடம் கெடச்சிதுன்னு மட்டும் எழுது."

"மறைக்கச் சொல்றியாடா?"

"மறைக்கல. லீவுக்கு வரும்போது நானே சொல்லிக்கறேன். நீ எழுதினா அழுதுக்கினே எழுதற, நான் சொன்னா நைனா சிரிப்பாரு."

இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறான். இரண்டு தடவை அப்பாவும் பிள்ளையும் ஒரே சமயத்தில் லீவில் வந்துவிட்டார்கள். அவன் இன்னும் சொல்லவில்லை. இருவரும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்து, அவன் "நைனா" என்று பேச்சைத் தொடங்கும்போதெல்லாம், சோற்றுக் கரண்டியோடு என் கை அப்படியே நின்றுவிடுகிறது.