ஏலக்காய்க் குடோனுக்கு வந்த கவிஞர்

போடியில் ஏலக்காய் பொறுக்குகிற குடோனில் கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. நல்ல பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். காது சும்மாதான் கிடக்கும். அந்தக் காதுகளெல்லாம் பல வருசமாக என் வசம். எந்தப் பொம்பளை எந்த வீட்டில் என்ன சொன்னாள் என்று நான் எடுத்துவிட்டால் வரிசையே குலுங்கும். பள்ளிக்கூடத்தை முடிக்காத எனக்கு அதுதான் ராஜாங்கம்.

பக்கத்தில் உட்காருகிறவள் ஒருநாள் போனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். காலேஜ் படிக்கிற மகள் ஏற்றிக் கொடுத்ததாம். காலமாகிப்போன பெரிய கவிஞர் ஒருவர், பழைய ரேடியோ பதிவில் தன் கவிதையைத் தானே படித்து, அது எப்படிப் பிறந்தது என்றும் பேசுகிறார். முதல் நாள் நானும் ஆசையாகத்தான் கேட்டேன். மறுநாள் நான் வாயைத் திறந்ததும், "கொஞ்சம் பொறு மதினி, அவுக பேசிக்கிட்டிருக்காகல்ல" என்றாள்.

உயிரோடு பக்கத்தில் இருக்கிறவளை அடக்கிவிட்டு அவரைக் கேட்கிறார்கள். அவர் தொண்டையைச் செருமினால்கூட மூச்சுவிடாமல் கேட்கிறார்கள். நான் நாள் பூராவும் இருமினாலும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க நாதியில்லை.

எல்லோருக்கும் கறிக்குழம்பு ஊற்றிவிட்டு, கடைசியில் வெறும் சட்டியைச் சோற்றால் வழித்துத் தின்கிற பெண்ணைப் பற்றி ஒரு கவிதை. பக்கத்து வீட்டு ஜன்னலில் பார்த்ததாம். நான் ஜன்னலில் பார்த்தவளில்லை, சட்டியை வழித்தவள். என் கதையாக இதை நான் சொன்னபோது சிரித்த அதே பொம்பளைகள், இப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். 

காய் சலிக்கிற மெஷின் பக்கம் இருந்தவர்களுக்கு அவர் பேசியது சரியாகக் கேட்கவில்லை. அங்கிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

"மதினி, ஐயா என்ன சொன்னாக? இங்கன இரைச்சல்ல ஒண்ணும் வெளங்கல. நீ சொன்னாத்தான் வெளங்கும்."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் யாராவது கேட்டுவிட்டால் என் நாக்கு நிற்காது. எழுந்துபோய் அந்தச் சட்டிக் கவிதையைச் சொன்னேன். சொந்தச் சரக்கு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. காய் மேல் இருந்த கைகள் நின்றுபோயின.

"இன்னொருக்கச் சொல்லு மதினி."

இத்தனை வருசத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், பாவி மனுசன். முடித்ததும் கூப்பிட்டவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாளைக்கும் பேசுவாகளா என்று கேட்டாள்.

கேட்டது அவரைப் பற்றி.