ராணிக்கு வந்த நானூறு

திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். ரிசல்ட் தயாரானதும் தானாகவே நோயாளியின் போனுக்குப் போகும்படி, விழுப்புரத்து கல்பனா கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்து கொடுத்தாள். உடனே ஓடவிடச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

"மொதல்ல பொய் ரிசல்ட் போட்டுப் பாக்கணும் சார். எல்லா மெசேஜும் உங்க போனுக்குத்தான் வரும்."

"ஜனம் காத்துக்கினு கெடக்குது. நீ வெளையாடிக்கினு இருக்கியா?"

"கத்துங்க சார். பாத்துட்டுத்தான் போவேன்."

எங்கள் நோட்டில் உள்ளபடியே போட்டாள், பெயர்களை மட்டும் மாற்றி. பெருமுக்கல் பக்கத்துப் பெண்கள் பலருக்குச் சொந்த போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பரையே கொடுப்பார்கள். அதனால் லட்சுமி, ராணி என்று அவள் போட்ட மூன்று பொய்ப் பெயருக்கும் ஒரே நம்பர்.

என் போன் அடித்தது. லட்சுமிக்குப் போட்ட சர்க்கரை நானூறு, ராணி பெயரில் வந்திருந்தது.

"நம்பர் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுன்னு கம்ப்யூட்டர் நெனச்சிக்குது சார்."

வெளியே பெஞ்சில் நிஜமாகவே ஒரே நம்பர் கொடுத்த மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஏழு மாத கர்ப்பிணி. கல்பனா என் பேச்சைக் கேட்டிருந்தால், இல்லாத நோய்க்கு அந்தக் கர்ப்பிணி மாத்திரை விழுங்கியிருப்பாள். நல்லவேளை, எதுவும் நடக்கவில்லை. நானூறு என் போனில்தான் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "டீ சொல்லட்டுமாம்மா?" என்றேன்.

"மொதல்ல இத்த சரி பண்ணிடறேன் சார். நீங்க கத்தாம உக்காருங்க, போதும்."

உட்கார்ந்தேன். அந்தப் பொய் மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. யாரையாவது அவசரப்படுத்தத் தோன்றினால் எடுத்துப் பார்க்கிறேன்.