பார்டர்ல இருக்குது

அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், பொம்மை அச்சுகளில் மண்கூழ் ஊற்றும் வேலை எனக்கு. ரத்தம் சோதித்த டாக்டர், "சுகர் இன்னும் வரலைங்க, பார்டர்ல இருக்குது. மாத்திரை வேணாம், சோத்தைக் குறைச்சுட்டு நடங்க" என்றார்.

மூன்று மாதம் ராத்திரிச் சோற்றை விட்டேன். வேலைக்கு நடந்தே போனேன். கருவேப்பிலங்குறிச்சியில் அக்கா கொடுத்த கேசரியை வேண்டாம் என்றதும் அவள் முகம் சுண்டிவிட்டது. "அதான் சுகர் இல்லன்னுட்டாங்களே, அப்புறம் என்னடா?" என்றாள்.

மறுபடி சோதித்தபோது அதே அளவுதான் இருந்தது.

"ஏறலையே, அதுவே நல்லதுங்க. இப்படியே இருங்க" என்றார் டாக்டர்.

"எத்தனை நாளைக்குங்க?"

"எப்பவும்தான்."

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அதை யார் மேல் காட்டுவதென்று தெரியாமல், ஆஸ்பத்திரி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.