சுக்கானை யார் பிடிப்பது

"இழுக்காதீங்கண்ணே! தள்ளுங்க, தள்ளுங்க!"

சூசை சுக்கான் பிடியை இழுத்தார். படகின் மூக்கு நேராகத் துறையின் மரக்கம்பத்தை நோக்கித் திரும்பி மோதியது. மனைவி நவமணியின் மடியிலிருந்த தண்ணீர்ப் போத்தல் உருண்டு ஓடியது. துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு, பார்க்காதவர்கள்போலக் குனிந்துகொண்டார்கள்.

"அந்தக் கம்பம் பாவம் லா அண்ணே," என்றார் ஸுல்கிஃப்லி. "அது எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்தான் பிடியத் தள்ளணும். படகு மறுபக்கம் போவும்."

"தெரியுது ஸுல். கை கேக்க மாட்டேங்குது."

ஸுல்கிஃப்லி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூசையோடு இயந்திரங்களைப் பழுது பார்த்த மலாய் நண்பர். தமிழர் நிறைந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வளர்ந்ததால் தமிழ் தடையில்லாமல் வரும். ஓய்வுபெற்றதும் இந்தச் சிறு மோட்டார் படகை வாங்கி, பத்து மாவுங் ஊர்க் கடலில் மீன் பிடிக்கிறார். இன்று மீன் பிடிக்க வரவில்லை. ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் இருந்த வழக்கைத் தீர்க்க வந்திருந்தார்.

செப்டம்பரில் சூசையும் நவமணியும் இங்கிலாந்து போகிறார்கள். மகள் ஜோவான் பர்மிங்காமில் மருத்துவமனைத் தாதியாக இருக்கிறாள். அங்கே கால்வாய்களில் நீளமான, ஒடுங்கிய படகுகளை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதிலேயே சமையல், அதிலேயே தூக்கம். ஜோவானுக்கு வார இறுதியில்தான் விடுப்பு. மற்ற நாள்களில் இவர்கள் இருவரும்தான் ஓட்ட வேண்டும்.

திட்டம் சூசையுடையது. மாலையானால் தொலைக்காட்சியில் கால்வாய்க் காணொளிகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் காணொளியில் யாரோ, இந்தப் படகை ஓட்ட உரிமம் தேவையில்லை, மனிதர் நடக்கிற வேகம்தான், என்று சொன்னார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நவமணி கத்தியைக் கீழே வைத்தார்.

நவமணி பள்ளிக்கூட எழுத்தராக இருந்தவர். இளவயதில் கார் உரிமத்துக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும், மேட்டில் நிறுத்தி எடுக்கும் தேர்வில், கார் பின்னால் உருண்டது. "எதுக்கு இந்தத் தொல்லை, நான் இருக்கேன்ல," என்றார் சூசை. இருந்தார். வேலையில் இருந்த காலம் முழுவதும் காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டு விட்டார், மாலையில் வந்து நின்றார். மழை நாளில் இரண்டு மழைச் சட்டைகளோடு நின்றார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம். நவமணி ஊரைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறார். முன்னால் இருந்தது எப்போதும் சூசையின் முதுகு.

கால்வாயிலும் சூசை வேலையைப் பிரித்துவிட்டிருந்தார். "நான் ஓட்டுறேன். லாக்கு வந்தா நீ கயிறோட எறங்கி கதவத் தொற." நிலம் ஏறுகிற இடத்தில் படகை ஒரு தொட்டிக்குள் நிறுத்தி, கதவை மூடி, தண்ணீரை நிரப்பி மேலே தூக்குவார்கள். அதுதான் லாக்கு. காணொளிகளில் அந்தக் கனத்த கதவுகளைப் பெரும்பாலும் பெண்கள்தான் முதுகால் தள்ளினார்கள். ஆண்கள் படகின் பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்றார்கள்.

முதலில் நவமணி சரி என்றுதான் சொன்னார். போன வியாழக்கிழமை, "நான்தான் ஓட்டுவேன்," என்றார்.

சூசை சிரித்தார். "மேட்டுல கார நிறுத்த முடியல. படகு ஓட்டப் போறியா?"

"தண்ணில மேடு ஏது?"

"இருக்கு. அதுக்குத்தான் லாக்கு."

"அப்ப மேட்டுக்கு நீங்க எறங்குங்க."

அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைந்தது. படகுக்காரர்கள் ஓட்டுபவரின் பெயரைக் கேட்கிறார்கள், சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட வேண்டும், என்றாள் ஜோவான். சனிக்கிழமை வந்துவிட்டது.

கம்பத்தில் மோதிய சூசை எழுந்துகொள்ள, நவமணி படகின் பின்னால் போய் உட்கார்ந்து சுக்கான் பிடியைத் தொட்டார். சூசை முன்பக்கம் போய், அவரைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்தார். ஸுல்கிஃப்லி இயந்திரத்தை இழுத்துக் கிளப்பினார்.

கம்பம் இடது பக்கம் வந்தது. நவமணி பிடியைக் கம்பத்தின் பக்கமே தள்ளினார். படகு விலகிப் போனது.

"அண்ணே கையில மோட்டார் சைக்கிள் இருக்கு," என்றார் ஸுல்கிஃப்லி. "அக்கா கையில ஒண்ணும் இல்ல. அதான் சொன்னபடி கேக்குது."

"கொஞ்சம் பேசாம இருங்க தம்பி. நான் பாக்கணும்."

மீன் வளர்க்கும் கூண்டுகள் வந்தன. அவற்றை அகலமாகச் சுற்றினார். தூரத்தில், தீவுக்குப் போடப்பட்ட இரண்டாவது பாலம் கிடந்தது. எதிரில் தண்ணீர், தண்ணீருக்கு முன்னால் சூசையின் முகம். வண்டியில் போகும்போது அந்த முகத்தை நவமணி பார்த்ததே இல்லை. இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார் சூசை.

"மெதுவா, மெதுவா."

"இன்னும் மெதுவான்னா நின்னுடும் லா," என்றார் ஸுல்கிஃப்லி.

நின்றேவிட்டது. திரும்பி வந்தபோது, மோதிவிடக் கூடாதென்று நவமணி முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டார். துறை எட்டவில்லை. படகு குறுக்கே சாய்ந்து நகரத் தொடங்கியது.

"இப்ப என்ன செய்யணும்?" என்றார். குரல் உயர்ந்திருந்தது.

சூசை எழுந்தார். யாரும் சொல்லவில்லை. முன்பக்கம் சுருண்டு கிடந்த கயிற்றை எடுத்துத் துறையை நோக்கி வீசினார். வலைக்காரர்களில் ஒருவர் பிடித்து முளையில் மாட்டினார். சூசை காலை ஊன்றி, கை மாற்றிக் கை மாற்றி, படகைத் துறைக்கு இழுத்தார். ஏறிக் கட்டினார். முடிச்சு நன்றாக இருந்தது.

"லாக்குக்கு ஆள் கெடச்சாச்சு," என்றார் ஸுல்கிஃப்லி.

சூசை சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஜோவான் கைப்பேசியின் திரையில் வந்தாள். "பேரு சொல்லுங்கப்பா. யாரு ஓட்டறது?"

நவமணி சூசையைப் பார்த்தார். சூசை கயிறு அறுத்திருந்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா பேரப் போடு."

"அப்பாவா பேசறது?"

"அந்தக் கதவெல்லாம் கனம் லா. ஒங்கம்மாவால தள்ள முடியாது."

நவமணி அந்தக் காரணத்தை அவரிடமே விட்டுவைத்தார்.

"ஒரு நாளாவது எனக்குக் குடுப்பாளான்னு கேளு," என்றார் சூசை.

"மொதல்ல பிடியத் தள்ளப் படிக்கட்டும், பாக்கலாம்," என்றார் நவமணி.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனார்கள். சூசை ஓட்டினார், நவமணி பின்னால் உட்கார்ந்தார். திரும்பும் வழியில் இரும்புக் கடையில் ஒரு ஜோடி கையுறை வாங்கினார்கள், சூசையின் அளவுக்கு. மதியம் நெத்திலிச் சம்பல். பிறகு மழை. படகு உறுதியாகிவிட்டதென்று ஜோவானிடமிருந்து செய்தி வந்தது. கொடியிலிருந்த துணி காயவில்லை.