வெறும் கழுத்து

பிரான்சில் ஒரு சிறிய ஊரின் அருங்காட்சியகத்தில் எனக்குக் காவல் வேலை. காவல் என்றதும் துப்பாக்கியோடு நிற்பதாக நினைத்துவிட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டிகளைத் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் கணவரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் வழியாக வந்த குடியுரிமைதான் எங்கள் கடலோர ஊரான கிளிஞ்சல்மேட்டில் மீன் கூடைகளுக்கு நடுவில் வளர்ந்த என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது.

என் அறையில் இருப்பவை புரோச்சுகள். ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் அந்த நாட்டுப் பெண்கள் மேலாடை நழுவாமல் இருக்கத் தோளில் குத்திக்கொண்டவை. முதல் நாள் பார்த்தபோது, ஊக்குக்குப் போய் இவ்வளவு காவலா என்றுதான் தோன்றியது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் தாலிக் கயிற்றிலும் இரண்டு ஊக்காவது தொங்கும். அதற்கு யாரும் கண்ணாடிப் பெட்டி செய்ததில்லை.

ஆனால் பார்க்கப் பார்க்க அவை பிடித்துப்போயின. எல்லாமே புதைகுழிகளிலிருந்து எடுத்தவை. ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண், ஓய்வாக இருக்கும்போது எனக்குச் சொல்லுவார். வெண்கலம் என்றால் சாதாரண வீடு. தங்கத்தில் சிவப்புக் கல் பதித்திருந்தால் பெரிய இடம். அந்தச் சிவப்புக் கற்களில் சில இந்தியப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்தவையாம். எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன என்று சிரித்தேன். வேலைப்பாடு வேற்றுச் சீமையுடையதாக இருந்தால், அதைப் போட்டிருந்தவள் தூரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளாக இருக்கலாம் என்றும் சொன்னார். ஒரு வெண்கலப் புரோச்சில் பழைய ஊசி உடைந்து, இரும்பு ஊசி மாற்றியிருந்தார்கள். ஓரமெல்லாம் தேய்ந்து பூ வேலைப்பாடே மழுங்கியிருந்தது.

"காலம் முழுக்கப் போட்டிருக்கிறாள்" என்றார் அவர்.

"அவளுக்கு அது பிடித்திருந்ததா?" என்று கேட்டேன்.

அது தெரியாது என்றார். செத்தவர்கள் தாங்களாக உடுத்திக்கொள்வதில்லை, புதைத்தவர்கள் எதைக் குத்தி அனுப்பினார்களோ அதுதான் நம் கைக்கு வருகிறது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் அன்று முழுவதும் மனசு சரியில்லை. ஊரில் என் அக்கா படுத்த படுக்கையாக இருந்தாள்.

அக்காவின் கணவர், என் மாமா, பல வருஷங்களுக்கு முன்னால் ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போனவர். போன அன்று புயல் அறிவிப்பு எதுவும் இல்லை. படகு திரும்பவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. அதே படகில் போன மற்றவர்களின் வீடுகளில் ஒரு வருஷம் பார்த்துவிட்டுக் காரியம் செய்தார்கள், மனைவிமார் தாலியை எடுத்தார்கள். அக்காவின் மாமியார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமா மாதிரி ஒருவரை இலங்கை ஜெயிலில் பார்த்ததாக யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டிருந்தான். அது போதும் அத்தைக்கு.

எங்கள் ஊரில் கணவன் கடலில் காணாமல் போனால், மனைவியின் கழுத்தில் தாலி இருக்கும்வரை அவன் உயிரோடு இருக்கிறான் என்று கணக்கு. அதை எடுக்கும் நாளில்தான் அவன் சாகிறான். எடுக்கலாம் என்று அவனைப் பெற்றவள் வாயால் சொல்ல வேண்டும். அத்தை சொல்லவில்லை. அக்கா அப்போது முப்பதைக்கூடத் தொடவில்லை.

அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வலை வியாபாரம் செய்த ஒருவர் கேட்டு வந்தார். புருஷன் இருக்கிறவளை எப்படிக் கேட்கலாம் என்று பஞ்சாயத்தார் அவரை அனுப்பிவிட்டார்கள். சரி, புருஷன் இருக்கிறவளாகவாவது நடத்தினார்களா என்றால் அதுவும் இல்லை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு வரிசையாக வரும், அக்காவிடம் வந்ததும் தட்டு வைத்திருப்பவளின் கை ஒரு கணம் தயங்கும். புதுப் படகு இறக்கும்போது ஆரத்தி எடுக்கச் சுமங்கலிகளைக் கூப்பிடுவார்கள், அவளை விட்டுவிடுவார்கள். தாலி அறுத்தவர்களின் கூட்டத்திலும் அவளுக்கு இடமில்லை. இவர்களோடும் இல்லை, அவர்களோடும் இல்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வயிற்றில் வந்த புற்று அவளைப் பாதியாக்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். தாலிச் சங்கிலி உரசி உரசிக் கறுத்துப்போன ஒரு கோடு கையில் தட்டுப்பட்டது.

"நான் போனதும் இத எடுத்துடு. மஞ்சக் கெழங்கும் கட்டாதீங்க. வெறுங் கழுத்தா பொதைங்க" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம். குண்டுமணித் தங்கம்கூட உடம்பில் விடமாட்டார்கள். சுமங்கலி என்றால் தங்கத் தாலியை எடுத்துவிட்டு, மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிப் புதைப்பார்கள். அதைத்தான் அவள் வேண்டாம் என்றாள்.

"அத்தைகிட்ட சொன்னியாக்கா?"

"அதுகிட்ட எப்புடிச் சொல்றது? பெத்த வயிறு. நீ கேளு. வேற எதுவும் நான் யாருகிட்டயும் கேட்டதில்ல பாப்பா."

கேட்கிறேன் என்றேன். கேட்க வாய் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

குளிப்பாட்டப் பெஞ்சில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மஞ்சள் அரைத்து, சிவப்புச் சேலை, மல்லிகைப் பூ, குங்குமம், கிழங்கு கட்டிய கயிறு எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். கொல்லைப் பக்கம் மறைப்புக் கட்டியிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நான் சொன்னேன்: "சேப்புச் சேல வேணாம். தாலிய எடுத்துட்டு வெறுங் கழுத்தா பொதைக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா."

ஊற்றிக்கொண்டிருந்தவள் சொம்பைக் கீழே வைத்தாள். "பூவும் பொட்டுமா போறது எவ்ளோ பெரிய கொடுப்பின. அதக் கெடுக்காத."

"இருந்தப்ப ஒரு பொட்டு வைக்கக் கை வரல உங்களுக்கு. செத்ததும் கொட்டி வைக்கிறீங்க" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன், ஆனால் பொய்யில்லை.

அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கண் பார்வை மங்கி, ஆள் ஒடுங்கிப்போயிருந்தார். "கைய வைக்காத தாயி. அத அவுத்தா எம் மவன் செத்தான்னு ஆயிடும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "அத்த, நீங்க சொல்லாம நான் தொடமாட்டேன். அவ கேட்டது இது ஒண்ணுதான். காலம் பூரா உங்களுக்காகத்தான் போட்டிருந்தா."

அத்தை சுவரைப் பிடித்தபடி எழப் பார்த்தார். கையை நீட்டினார், பிடித்து எழுப்பிப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனேன். தடவித் தடவி அக்காவின் கழுத்தைத் தொட்டார். அந்தக் கறுத்த கோட்டில் அவர் விரல் நின்றது. எலும்புதான் மிச்சமிருந்தது அங்கே.

"இவளும் போயிட்டா. இனிமே அவன் யாரு கழுத்துல இருப்பான்? எடுத்துடு" என்றார்.

நான் எடுத்தேன். கொக்கி துருப்பிடித்த மாதிரி இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் கழற்ற முடிந்தது. சங்கிலி கழுத்தைவிட்டு வந்ததும் அத்தை மார்பில் அடித்துக்கொண்டார். "ஐயா, என்னப் பெத்த ராசா, தண்ணியில போயிட்டியே" என்று ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த ஒப்பாரி. பெண்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, தோளைக் கட்டிப்பிடித்து, மாமாவின் பேரைச் சொல்லி அழுதார்கள். சத்தம் கேட்டு வாசலில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். அவனுக்கும் கடலில் காரியம் செய்துவிட வேண்டும் என்று பெரியவர் ஒருவர் சொல்வது கேட்டது. மாமாவின் தம்பி மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அழ வேண்டிய நாளில் அழ விடாமல் வைத்திருந்த அழுகை அது. அது வந்துதான் தீரும். ஆனால் பெஞ்சைச் சுற்றி ஒருவரும் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் செத்தது மாமாதான். நான் ஒருத்தி மட்டும் நின்று அக்காவின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.